எக்ஸ்பிரஷன்: ஒரு சொல்லும் பல தமிழும்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கணக்கெடுத்தால் 'எக்ஸ்பிரஷன்' என்பது முன்வரிசையில் நிற்கும். நடன வகுப்பு முடிந்து வரும் மகளிடம் தாய், "ஸ்டெப் எல்லாம் சரியாத்தான் இருக்கு, எக்ஸ்பிரஷன்தான் பத்தலை" என்கிறார். அதே பெண் மறுநாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே 'அல்ஜீப்ரிக் எக்ஸ்பிரஷன்'. அவளுடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பது 'ஜீன் எக்ஸ்பிரஷன்'. இரவு தொலைக்காட்சி விவாதத்தில் 'ஃப்ரீடம் ஆஃப் எக்ஸ்பிரஷன்'. மருத்துவமனையில் பிள்ளை பெற்ற மகளுக்குத் துணையிருக்கும் பாட்டியிடம் நர்ஸ் சொல்வது, பாலை 'எக்ஸ்பிரஸ்' பண்ணிக் கொடுக்கச் சொல்லி. விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதும் எக்ஸ்பிரஸ் வண்டியில்தான்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் என்ன என்று கேட்டால், அகராதியைப் புரட்டி 'வெளிப்பாடு' என்று ஒரே விடை சொல்லிவிடுகிறோம். கலைச்சொல் ஆக்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் கூட, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று நிலைநிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுகிறார்கள். சீராக இருக்கும், மனப்பாடம் செய்வதும் எளிது என்பது அவர்கள் வாதம். ஆனால் ஒவ்வொரு துறையிலும் இந்தச் சொல் செய்யும் வேலை வேறு. எது வெளிவருகிறது, எங்கிருந்து வருகிறது, யார் காண வருகிறது என்று பார்த்துப் பெயரிட்டால்தான் பொருள் விளங்கும். சில துறைகளில் தமிழ் இதை மிக அழகாகச் செய்திருக்கிறது. ஒரு முக்கியமான துறையில் பிழைபட்டிருக்கிறது. இரண்டையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேர்ச்சொல்: பிழிதல்

எக்ஸ்பிரஷன் என்ற ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். அழுத்தி வெளியே எடுப்பது, அதாவது பிழிவது என்பதே அடிப்படைப் பொருள். அச்சடிக்கும் 'பிரஸ்', துணி தேய்க்கும் 'பிரஸ்' இரண்டும் இதன் உறவுகளே. இத்தாலியர்கள் காப்பித்தூளில் வெந்நீரை அழுத்திச் செலுத்தி இறக்கும் 'எஸ்பிரஸோ' காப்பியும் அதே வம்சம்தான்.

நம் ஆச்சிமார்கள் இந்தப் பொருளுக்கு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தேங்காய்ப் பாலைப் பிழிவார்கள். எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டுவார்கள். பசுவின் மடியில் பீய்ச்சுவார்கள். முறுக்கு மாவையும் பிழிவார்கள். ஆனால் கரும்பை ஆலையில் ஆட்டுவார்கள். பிழிவதற்குக் கை, ஆட்டுவதற்குச் செக்கு, பீய்ச்சுவதற்கு விரல் என்று வினைச்சொல்லே செயலின் முறையைச் சொல்லிவிடுகிறது. நர்ஸ் சொன்னதைப் பாட்டி, "பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்துல எடுத்து வை" என்று பெயர்த்துச் சொன்னால் அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எந்த அகராதியிலும் கிடைக்காது. 'தாய்ப்பால் வெளிப்பாடு' என்று எழுதிப் பாருங்கள், விபரீதம் விளங்கும்.

எக்ஸ்பிரஸ் வண்டியின் கதை வேறு. அழுத்தி எடுத்தது தெளிவாக நிற்கும். ஆகவே 'எக்ஸ்பிரஸ்' என்பதற்குத் 'தெளிவாகக் குறிப்பிட்ட' என்று ஒரு பொருள் வந்தது. பிறகு, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்றே அனுப்பப்படும் தூதனுக்கும் வண்டிக்கும் அது பெயராயிற்று. அப்படிப்பட்ட வண்டி வேகமாகப் போனதால் இன்று வேகம் என்ற பொருளே நிலைத்துவிட்டது. இதை 'விரைவு வண்டி' என்று தமிழாக்கியவர்கள் வேரைத் தேடிப் போகவில்லை. வண்டி இன்று செய்யும் வேலையைப் பார்த்தார்கள். அதுதான் சரியான வழி.

முகத்தில் மட்டுமா? மெய்ப்பாடு

நடன மேடையில் 'எக்ஸ்பிரஷன்' என்று சொல்லும்போது நாம் முகத்தைத்தான் நினைக்கிறோம். பேச்சுத்தமிழ் இங்கே பெருஞ்செல்வம் உடையது. ஒருவனுக்கு முகம் சுண்டிப்போகிறது. இன்னொருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். மாட்டிக்கொண்டவன் முகத்தில் ஈயாடவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று வீட்டுக்குள் நுழையும் பையனைப் பார்த்து, "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்கிறோம். இவை ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்பிரஷன்தான்.

இலக்கணத்தில் இதற்கு ஒரு தனிச்சொல்லே உண்டு: மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறாவது மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. படுதல் என்றால் தோன்றுதல். உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியே பிறருக்குப் புலப்படுவதே மெய்ப்பாடு என்று உரையாசிரியர்கள் விளக்குவர். சிரிப்பாகிய நகை, அழுகை, இழிவுணர்வாகிய இளிவரல், வியப்பாகிய மருட்கை, அச்சம், பெருமிதம், சினமாகிய வெகுளி, மகிழ்ச்சியாகிய உவகை என எட்டு. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று வகுத்திருப்பதால் மொத்தம் 32 வாயில்கள்.

கேரளத்தில் வாழும் நமக்கு இதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வசதி உண்டு. போர்ட்டு கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் கதகளி நிகழ்ச்சிகளில், கதை தொடங்குமுன் நடிகர் நவரசங்களை ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பாடுவது பின்னால் நிற்கும் பாகவதர்கள். கண்ணும் புருவமும் கன்னமும் கையும்தான் நடிகரின் மொழி. கண் சிவந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்டப்பூவின் விதையை இமைக்குள் இட்டுக்கொள்வார்கள். கூடியாட்டக் கலைஞர் மாணி மாதவ சாக்கியார் (1899-1990) கண்ணசைவு ஒன்றைக் கொண்டே பெரும்புகழ் பெற்றவர்.

நாட்டிய சாத்திரத்தின் எட்டு ரசங்களுக்கும் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டுக்கும் பொருத்தம் வெளிப்படை. ஆனால் இரண்டும் அச்சாக ஒன்றல்ல. வடமொழி மரபில் வீரத்தின் அடிப்படை உற்சாகம். தொல்காப்பியர் அந்த இடத்தில் பெருமிதத்தை வைத்து, அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கில் பிறக்கும் என்கிறார். வாளெடுத்தவனுக்கு மட்டுமல்ல, படித்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் அந்த முகப்பொலிவு உண்டு. அழுகை பிறக்கும் நான்கு காரணங்களில் ஒன்று 'அசைவு'. முன்பிருந்த நிலை கெட்டு வேறாதல் என்று இதற்கு உரை கண்டிருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கு இதை அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாட்டிய சாத்திரம் மேடைக்கு எழுதியது. மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு எழுதியது. நடிகர் இல்லாமல், விளக்கு இல்லாமல், வெறும் சொல்லைக் கேட்டே எதிரில் ஒரு முகத்தைக் காண வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இத்தனை நுட்பமான சொல்லை நாம் பரீட்சைத் தாளில் அடைத்துவிட்டு, மேடையில் 'எக்ஸ்பிரஷன்' என்றும் கட்டுரையில் 'முக வெளிப்பாடு' என்றும் எழுதுகிறோம். 'முக வெளிப்பாடு' என்பது முகத்தோடு நின்றுவிடுகிறது. மெய்ப்பாடு உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது: வியர்ப்பது, நடுங்குவது, மயிர்க்கூச்செறிவது எல்லாம் அதில் அடங்கும். "மெய்ப்பாடு பத்தலை" என்று நடன ஆசிரியர் சொன்னால் மாணவிக்கு முதல் நாள் விசித்திரமாக இருக்கும். பத்தாவது நாள் பழகிவிடும். கழுத்துக்குக் கீழேயும் நடிப்பு உண்டு என்பதும் அந்தச் சொல்லிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிடும்.

கணக்கில் கோவை

கணிதத்தில் தமிழ் எடுத்த முடிவு பாராட்டத்தக்கது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அல்ஜீப்ரிக் எக்ஸ்பிரஷன்' என்பதை 'இயற்கணிதக் கோவை' என்கின்றன. கோவை என்றால் நமக்கு உடனே கோயம்புத்தூர்தான் ஞாபகம் வரும். இங்கே பொருள் வேறு: கோப்பது கோவை. பூவை நாரில் கோப்பது போல, முத்தை நூலில் கோப்பது போல. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களை ஒரு காதல் கதையின் வரிசையில் கோத்த நூல். பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை ஒழுக்க விதிகளைக் கோத்தது.

3x + 5 என்று எழுதினால் அதில் இரண்டு உறுப்புகள். கூட்டல் குறி அவற்றை இணைக்கும் நூல். ஓருறுப்புக் கோவை, ஈருறுப்புக் கோவை, பல்லுறுப்புக் கோவை என்று பெயர்கள் தாமே வளர்கின்றன. பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் இடம், எக்ஸ்பிரஷனுக்கும் ஈக்வேஷனுக்கும் உள்ள வித்தியாசம். 3x + 5 என்பது எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 3x + 5 = 20 என்று எழுதியவுடன்தான் ஒரு செய்தி பிறக்கிறது; அப்போது x என்பது 5. தமிழில் முதலாவது கோவை, இரண்டாவது சமன்பாடு. ஒன்று சரம், மற்றது தராசு. இதைச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் மறக்காது. இதையே 'இயற்கணித வெளிப்பாடு' என்று யாராவது பெயர்த்தால் என்ன ஆகும்? எது வெளிப்பட்டது என்று பிள்ளை தேடிக்கொண்டிருக்கும். அங்கே வெளிப்பட ஒன்றுமில்லை, கோத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்திக்காரர்கள் இதே கணக்குச் சொல்லை 'வியஞ்ஜக்' என்கிறார்கள். அவர்கள் எடுத்தது சமஸ்கிருதக் கவிதையியலின் வேர். சொல்லின் நேர்ப்பொருளுக்கு அப்பால் குறிப்பாகத் தோன்றும் பொருளை உணர்த்தும் ஆற்றலுக்கு 'வியஞ்சனா' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் இதைக் கவிதையின் உயிர்நிலையாகவே நிறுவினார். அதே வேரிலிருந்து வந்த 'வியஞ்சனம்' என்பதற்குக் கறி, தொடுகறி என்றும் பொருள். நம் தென்மாவட்டங்களில் "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கிறோமே, அதுவேதான். சோற்றின் சுவையை வெளிக்கொண்டு வருவது வெஞ்சனம். ஆக, இந்திப் பள்ளிக்கூடத்தின் கணக்குச் சொல்லும் நம் வீட்டு அடுக்களைச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை.

உயிரணுவுக்குள் நடப்பது

உயிரியலில் நிலைத்திருக்கும் சொல் 'மரபணு வெளிப்பாடு'. நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 20,000. இன்சுலின் செய்வதற்கான மரபணு கண்ணிலும் இருக்கிறது, தோலிலும் இருக்கிறது. ஆனால் முறையாக வேலை செய்வது கணையத்தின் பீட்டா செல்களில். மற்ற இடங்களில் அது மூடிய புத்தகம். ஒரு மரபணுவில் எழுதியிருப்பது முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, பிறகு புரதமாகச் செய்யப்படுவதையே ஜீன் எக்ஸ்பிரஷன் என்கிறார்கள். எந்த மரபணு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டென்று 1961-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஜேக்கப், மோனோ இருவரும் பாக்டீரியாக்களில் காட்டினார்கள். 1965-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இது நமக்கு எட்டாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்காக நம் வீட்டுப் பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின், 1982 முதல் சந்தைக்கு வந்தது. மனித இன்சுலினுக்கான மரபுக் குறிப்பை நுண்ணுயிரிக்குள் வைத்து, அங்கே 'எக்ஸ்பிரஸ்' பண்ண வைத்துப் பெறுவது அது. 2021-இல் நாம் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியும் கொரோனா வைரசின் ஒரே ஒரு மரபணுவை நம் உயிரணுக்களுக்குள் வெளிப்பட வைத்து வேலை செய்ததுதான்.

'வெளிப்பாடு' இங்கே பொருந்துமா? பாதிதான் பொருந்தும். மரபணுவில் உறங்கிக் கிடந்த தகவல் செயலாகத் தெரிகிறது என்ற அளவில் சரி. ஆனால் 'வெளி' என்றதும் உயிரணுவுக்கு வெளியே ஏதோ வருகிறது என்று மாணவர் நினைத்துவிடுகிறார். நடப்பதெல்லாம் உள்ளேதான், உண்டாகும் புரதமும் பல சமயம் உள்ளேயே தங்கிவிடும். சொல் நிலைத்துவிட்டதால் மாற்றத் தேவையில்லை. சொல்லிக் கொடுக்கும்போது 'மரபணு செயல்படுதல்' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

ஓவியத்தில்

ஓவியத்தில் 'எக்ஸ்பிரஷனிசம்' என்ற இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வலுப்பெற்றது. கண்ணில் படும் உலகை அப்படியே வரையாமல், உள்ளத்தின் கலக்கத்துக்கேற்ப உருவத்தையும் நிறத்தையும் திரிப்பது அவர்கள் வழி. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த அலறும் மனிதனின் ஓவியம் இதற்கு முன்னோடி. தமிழில் 'வெளிப்பாட்டியம்' என்று வழங்குவது பொருத்தமே. இங்கே உண்மையாகவே ஒன்று பிழிந்து வெளியே வருகிறது.

நம் இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஓவியர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மலையாள எழுத்தின் சாயல், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள் எல்லாம் திரை முழுவதும் நிறைந்திருக்கும். படித்தால் எதுவும் புரியாது. பார்த்தால் ஏதோ புரியும். கணக்கின் கோவையே ஓவியத்தின் வெளிப்பாடாக மாறிய இடம் அது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த மாற்றத்தைப் பேசவே முடியாது. இரண்டு சொல் இருப்பதால்தான் இந்த வாக்கியமே அமைந்தது.

எங்கே பிழைபட்டோம்: கருத்துச் சுதந்திரம்

இனி, மிக முக்கியமான இடம். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு, பேச்சுக்கும் எக்ஸ்பிரஷனுக்கும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பத்திரிகைகளும் மேடைகளும் இதைப் பெரும்பாலும் 'கருத்துச் சுதந்திரம்' என்று சொல்கின்றன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருத்து என்பது மனதுக்குள் இருப்பது. மனதுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ள யாரும் சட்டத்தின் அனுமதி கேட்பதில்லை. கொடுங்கோலன் ஆட்சியிலும் அந்தச் சுதந்திரம் உண்டு. சிக்கல் எல்லாம் அது வெளியே வரும்போதுதான்.

அரசியலமைப்பை வகுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். முகவுரையில் எண்ணம் தனியாகவும் எக்ஸ்பிரஷன் தனியாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவும் கருத்தையும் அதன் வெளிப்பாட்டையும் இரண்டாகவே எண்ணுகிறது. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதிக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம். 'கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம்' என்று எழுதுவோரும் உண்டு, அது மேல். ஆனாலும் அது கருத்தோடு கட்டுண்டே நிற்கிறது.

வழக்குகளைப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் தெரியும். 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. மௌனமாக இருப்பதற்கும் 19(1)(அ)வின் பாதுகாப்பு உண்டு என்று கொண்டது. அந்தப் பிள்ளைகள் எந்தக் கருத்தையும் கூறவில்லை. வாயே திறக்கவில்லை. 'கருத்துச் சுதந்திரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை விளக்கிப் பாருங்கள், தடுமாறுவீர்கள். 'வெளிப்பாட்டுச் சுதந்திரம்' என்றால், மௌனமும் ஒரு வெளிப்பாடு என்று பள்ளிப் பிள்ளைக்கே புரியும்.

2014-இல் திருநர் உரிமை பற்றிய 'நால்சா' வழக்கில், ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் காட்டிக்கொள்வது இதே பிரிவின் பாதுகாப்பில் வரும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சேலை கட்டுவது கருத்தா? இல்லை. ஆனால் அது நிச்சயமாக ஒரு வெளிப்பாடு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. திரைப்படம் கருத்தைச் சொல்வது மட்டுமல்ல. அது காட்டுகிறது, பாடுகிறது, சிரிக்க வைக்கிறது.

ஆக, நாம் வழங்கும் சொல்லால் நம் உரிமை நம் மனதில் சுருங்குகிறது. "உனக்குன்னு என்ன கருத்து இருக்கு?" என்று வீட்டிலும் வெளியிலும் வாயடைக்கப்படுகிறவர்களுக்கு, தங்கள் பாட்டும் கோலமும் உடையும் மௌனமும் அந்த உரிமையில் சேரும் என்பது தெரியாமலே போகிறது. இங்கே 'வெளிப்பாடு' என்ற சொல் முழுத்தகுதியோடு வர வேண்டும். வேண்டாத இடத்திலெல்லாம் அதைப் போட்டு, வேண்டிய இடத்தில் விட்டுவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பக்கத்து வீட்டு மலையாளம்

மலையாளிகள் இந்த உரிமையை 'ஆவிஷ்கார ஸ்வாதந்திரியம்' என்கிறார்கள். ஆவிஷ்காரம் என்றால் வெளிப்படுத்துதல், உருவாக்கிக் காட்டுதல். இங்கே அவர்கள் நம்மைவிடச் சரியாக இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் குறைவொன்றுமில்லை. அதே ஆவிஷ்காரம் இந்தியில் 'கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மலையாளமும் இந்தியும் குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் ஒரே நாளில் கேட்கிற நமக்கு இவை ஏட்டு விஷயமல்ல.

காயலைக் கடந்து எறணாகுளம் பிராட்வேக்குச் சாமான் வாங்கப் போகிறோம். கடைக்காரர், "இன்னு பிரகடனம் உண்டு" என்கிறார். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் சித்தப்பாவுக்கு அது அரசாங்க அறிவிப்பாகத்தான் காதில் விழும்; தமிழில் அவசரநிலைப் பிரகடனம் என்பது போல. கடைக்காரர் சொல்வதோ ஊர்வலம், ஆர்ப்பாட்டம். சாலை அடைபடும், சீக்கிரம் கிளம்புங்கள் என்பது. ஒரே வடசொல்தான், அதன் மூலப்பொருளும் வெளிப்படுத்துவதே. தமிழில் அது ஆள்பவர் வாயில் வெளிப்படுகிறது; மலையாளத்தில் மக்கள் காலில் வெளிப்படுகிறது. சொல்லைச் சொல்லாக மட்டும் பெயர்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் வேண்டாம்.

நம் கொச்சிக்கு இந்தப் பிரச்சினையில் ஒரு மூத்த பங்கும் உண்டு. அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்ச்சுகீசியப் பாதிரியார் தமிழில் பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. மறு ஆண்டு, 1579-இல், 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது கொச்சியில். தலைப்பைக் கவனியுங்கள். 'கிரிசித்தியானி' என்பதை அவர் ஒலிபெயர்த்துக்கொண்டார். 'வணக்கம்' என்பதை நம் மொழியிலிருந்தே எடுத்தார். முந்தைய நூலில் ஆண்டவனுக்குத் 'தம்பிரான்' என்று மக்கள் வாயிலிருந்த சொல்லையே வைத்தார். எதை அப்படியே கொள்வது, எதை நம் சொல்லில் சொல்வது என்று இடம் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். நாலரை நூற்றாண்டு கழிந்தும் நம் முன்னிருக்கும் கேள்வி அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது

போர்ட்டு கொச்சியில் 'வெளி' என்றே ஓர் இடம் உண்டு. வண்ணார் சமூகத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தோபிகானா அங்கேதான் இருக்கிறது. திறந்த இடம் என்ற பொருளில் 'வெளி' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொத்து. அந்தச் சொல்லிலிருந்து பிறந்த 'வெளிப்பாடு' நல்ல சொல். அதைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அதை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே.

இதை ஒரு சிறு பட்டியலாக மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆடும்போது மெய்ப்பாடு. கணக்கில் கோவை. குழந்தைக்குப் பால் பீய்ச்சுதல். எண்ணெய்க்கு ஆட்டுதல். மரபணுவுக்கு, விளக்கத்தோடு வெளிப்பாடு. உரிமைக்கு, தயக்கமில்லாமல் வெளிப்பாடு. இதற்காகப் பாடத்திட்டம் மாற வேண்டாம், அரசாணை வேண்டாம். ஆங்கில வழியிலும் மலையாள வழியிலும் படிக்கும் நம் பிள்ளைகளின் தமிழ் இன்று "சாப்பிட்டியா, தூங்கினியா" என்ற அளவில் நின்றுகொண்டிருக்கிறது. அறிவைப் பேச ஒரு மொழி, சோறு கேட்க ஒரு மொழி என்று பிரிந்துபோனால், சோறு கேட்கும் மொழி அடுத்த தலைமுறையில் அதற்கும் தேவைப்படாது.

பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு நம்ம பேச்சுல கோவைன்னு பேரு, பூ கோக்கிற மாதிரி" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். அடுத்த முறை பல்லுறுப்புக் கோவை வரும்போது அந்தப் பிள்ளையே, "அப்ப இது நெறைய பூ இருக்கிற சரமா?" என்று கேட்கும்.